நின்ற புரொப்பெல்லரையும் நம்பாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்: சிறு விமானங்களின் அருகே தரைப் பாதுகாப்பு

2025 நவம்பரில், சேலத்திலிருந்து காரைக்குடி நோக்கிப் பறந்த ஒரு சிறு பயிற்சி விமானம் புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே நெடுஞ்சாலையில் அவசரமாகத் தரையிறங்கியது. அந்தச் செய்தி வந்த பிறகு, விமானத்தின் அருகே செல்வது குறித்து வாசகர்களிடமிருந்து தொடர்ந்து கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. சிறு விமானங்களைப் பராமரிக்கும் பொறியாளராக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இந்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: சாலையில் விமானம் இறங்கிய அன்று நான் கல்லூரியில் இருந்ததால் போய்ப் பார்க்க முடியவில்லை. இன்னொரு முறை அப்படி நேர்ந்தால், இயந்திரம் நின்ற பிறகு அருகில் செல்லலாமா? நின்றுவிட்ட புரொப்பெல்லரை, அதாவது மூக்கில் சுழலும் தகட்டை, தொடுவதில் என்ன ஆபத்து? வீட்டு மின்விசிறியை நிறுத்திவிட்டு நாம் துடைப்பதில்லையா?
– கல்லூரி மாணவர், கீரனூர்

பதில்: மின்விசிறியோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள். பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமே அதுதான் என்பதால், சற்று விரிவாகவே விளக்குகிறேன்.

மின்விசிறிக்கு ஆற்றல் வெளியிலிருந்து வருகிறது. சுவிட்சை அணைத்தால் அது வெறும் தகடு. செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானங்களின் பெட்ரோல் இயந்திரம் அப்படிப்பட்டதன்று. அதன் சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைத் தருவது பேட்டரி அன்று. மேக்னட்டோ என்னும் கருவி. இயந்திரம் சுழலும்போது அதனுடன் சேர்ந்து சுழலும் ஒரு காந்தம், தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பழைய மொபெட்டுகளில் பேட்டரி இல்லாமலேயே பெடலை மிதித்து வண்டியைக் கிளப்பியது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். அங்கும் இதே தத்துவம்தான். வானத்தில் மின்சாரம் முழுவதும் செயலிழந்தாலும் இயந்திரம் நிற்கக் கூடாது என்பதற்காகவே விமானத்தில் இந்த ஏற்பாடு, அதுவும் ஒன்றுக்கு இரண்டாக, வைக்கப்பட்டிருக்கிறது. பறப்பவரைக் காப்பாற்றும் அதே ஏற்பாடுதான் தரையில் நிற்பவருக்கு ஆபத்தாக அமைகிறது.

புரொப்பெல்லர் இயந்திரத்தின் அச்சில் நேரடியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே புரொப்பெல்லரைக் கையால் அசைப்பது இயந்திரத்தையே அசைப்பதாகும். இயந்திரம் அசைந்தால் மேக்னட்டோவும் அசையும். மெதுவாகத் திருப்பினால் தீப்பொறி வராது என்று நினைக்க வேண்டாம். கிளப்பும்போது இயந்திரம் மெதுவாகத்தான் சுழலும் என்பதால், மேக்னட்டோவின் காந்தத்தைச் சற்று நேரம் பிடித்து வைத்து, பிறகு சட்டென்று விடுவிக்கும் ஒரு சுருள்வில் அதில் இருக்கிறது. புரொப்பெல்லரைக் கையால் திருப்பும்போது உள்ளே 'டக்' என்று கேட்கும் ஒலி அந்த வில் விடுபடும் ஒலி. அந்தக் கணத்தில் சிலிண்டருக்குள் சிறிதளவு பெட்ரோல் ஆவி தங்கியிருந்தாலும் போதும். புரொப்பெல்லர் அரைச் சுற்றாவது பாய்ந்துவிடும். ஏறத்தாழ 1.9 மீட்டர் நீளமுள்ள உலோகத் தகடு அரைச் சுற்றுப் பாய்ந்தால் எதிரில் இருக்கும் கை என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

சுவிட்சை அணைத்துச் சாவியை எடுத்த பிறகுமா என்று கேட்பீர்கள். ஆம், அதற்குப் பிறகும்தான். மேக்னட்டோவின் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. மேக்னட்டோவின் சுருளை ஒரு மெல்லிய கம்பி வழியாக விமானத்தின் உடலோடு இணைத்து, தீப்பொறி எழாமல் செய்கிறது. வீட்டில் கம்பி அறுந்தால் விளக்கு அணைந்துவிடும். இங்கே அந்தக் கம்பி அறுந்தால் மேக்னட்டோ எப்போதும் உயிரோடு இருக்கும். சுவிட்ச் 'அணைப்பு' நிலையைக் காட்டிக்கொண்டே இருக்கும். சாவி அலுவலகச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் இதைக் கண்ணால் கண்டேன். பறக்கும் பள்ளி ஒன்றில், விடியற்காலையில், என்னோடு வேலை செய்த உதவியாளர் ஒருவர் விமானத்தின் முன்பகுதியைத் துடைப்பதற்காகப் புரொப்பெல்லரைக் கிடைமட்டமாகத் திருப்பினார். முதல் நாள் மாலை அந்த விமானம் பறந்து வந்து நின்றிருந்தது. சாவி அதில் இல்லை. ஒரே ஒரு வெடிப்பொலி கேட்டது. தகடு பாதிச் சுற்றுச் சுழன்று நின்றது. அவர் தகட்டை விரல்களால் வளைத்துப் பிடிக்காமல், உள்ளங்கையால் தள்ளியிருந்த ஒரே காரணத்தால் மணிக்கட்டு எலும்பு முறிவோடு தப்பினார். பின்னர் நாங்கள் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, சுவிட்சிலிருந்து வரும் கம்பி, மேக்னட்டோவில் திருகப்பட்டிருக்கும் இடத்தில், இழை இழையாக அறுந்து, மேலுறையால் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் முழுமையான கம்பி. பல மாதங்களின் அதிர்வு அதைச் சிறிது சிறிதாகத் தின்றிருந்தது. அன்றிலிருந்து, எந்தப் புரொப்பெல்லரின் சுழல்வட்டத்திற்குள்ளும் தேவையின்றி என் கையை நான் நீட்டியதில்லை.

ஆகவே சாலையிலோ வயலிலோ விமானம் இறங்கினால், தொலைவில் நின்று பாருங்கள். புரொப்பெல்லரைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ளவோ, அதைப் பிடித்து விமானத்தை இழுக்கவோ வேண்டாம். குழந்தைகளை அதன் முன்னால் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

கேள்வி: தனி விமானி உரிமத்திற்காகப் பயின்று வருகிறேன். நீங்கள் கூறும் அந்தக் கம்பி அறுந்திருப்பதை விமானி எப்படித் தெரிந்துகொள்வது? இயந்திரத்தைக் கிளப்பும் முன் 'கிளியர் பிராப்' (புரொப்பெல்லரை விட்டு விலகுங்கள்) என்று கத்துவதை எங்கள் பள்ளியில் சிலர் வெறும் சடங்காகச் செய்கிறார்கள். அது உண்மையில் அவ்வளவு முக்கியமா?
– பயிற்சி விமானி, சேலம்

பதில்: தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது; அது சில நொடிகளுக்கு மேல் எடுப்பதில்லை. பறந்து முடித்து நிறுத்துமிடத்திற்கு வந்ததும், இயந்திரம் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும்போது, சாவியை ஒரு கணம் 'அணைப்பு' நிலைக்குத் திருப்பி உடனே பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்தக் கணத்தில் இயந்திரம் சாகப் போவதுபோல் தடுமாற வேண்டும். தடுமாறாமல் ஓடிக்கொண்டே இருந்தால், ஒரு மேக்னட்டோவாவது அணையவில்லை என்று பொருள். உடனே பொறியாளரிடம் சொல்லி, விமானத்தின் பதிவேட்டில் எழுதி, புரொப்பெல்லரில் எச்சரிக்கைப் பலகையைத் தொங்கவிட்ட பிறகே அவ்விடத்தை விட்டு நகர வேண்டும். முந்தைய பதிலில் நான் குறிப்பிட்ட விமானத்தில் இந்தச் சோதனை பல நாட்களாகவே செய்யப்படாமல் இருந்தது.

இயந்திரத்தை நிறுத்தும்போது சாவியைத் திருப்பி நிறுத்தாமல், சிவப்புக் குமிழை இழுத்து, அதாவது இயந்திரத்துக்குச் செல்லும் எரிபொருளை முழுவதும் துண்டித்து நிறுத்தச் சொல்வதற்கும் காரணம் இதுதான். எரிபொருள் தீர்ந்து இயந்திரம் நிற்கும்போது சிலிண்டர்களில் எரியக்கூடிய ஆவி ஏறக்குறைய எஞ்சுவதில்லை. மேக்னட்டோ உயிரோடிருந்தாலும் பற்றவைக்க எதுவும் இருக்காது. பிறகு சாவியை எடுத்து, வெளியில் நிற்பவர் கண்ணாடி வழியாகப் பார்க்கக்கூடிய இடத்தில், கருவிப் பலகையின் மேல் வையுங்கள். சட்டைப்பைக்குள் இருக்கும் சாவி வெளியில் நிற்பவருக்கு எதையும் சொல்வதில்லை.

கத்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். 'கிளியர் பிராப்' என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்புபவர் சொல்லாதவருக்குச் சமமானவர். சன்னலைத் திறந்து, உரக்கச் சொல்லி, இருபுறமும் முன்னும் பின்னும் பார்த்து, மனிதர் ஒருவர் காலை எடுத்து நகர்வதற்கு ஆகும் நேரம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே வால் உச்சியில் சுழலும் சிவப்பு விளக்கை எரியவிட்டிருக்க வேண்டும். அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் இயந்திரம் ஓடுகிறது அல்லது இதோ ஓடப்போகிறது என்று தரையில் நிற்கும் அனைவரும் எடுத்துக்கொள்கிறார்கள். மூக்குச் சக்கரத்தில் இழுவைக் கம்பி மாட்டியபடியே இயந்திரத்தைக் கிளப்பிவிடுவதும் உண்டு. புரொப்பெல்லர் அதை அடித்து எறியும் திசையை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. விமானத்தை நகர்த்தி முடித்த கையோடு அந்தக் கம்பியைக் கழற்றுங்கள். 'பிறகு கழற்றலாம்' என்று ஒரு நிமிடம்கூட விடாதீர்கள்.

கேள்வி: என் மகள் விமானம் ஓட்டப் பயில்கிறாள். அடுத்த மாதம் பயிற்சிப் பள்ளிக்கு எங்களை அழைத்துச் செல்வதாகச் சொல்கிறாள். என் மாமியாரும், ஆறு வயதுப் பேரனும் உடன் வருகிறார்கள். இயந்திரம் ஓடும்போது அவ்வளவு சத்தம் கேட்குமே, தெரியாமல் யாராவது புரொப்பெல்லரில் போய் இடிப்பார்களா என்று என் கணவர் கேட்கிறார்.
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: உங்கள் கணவரின் ஐயம் நியாயமானது, அம்மா, நேரில் பார்க்காத எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இடிக்கிறார்கள். அதுவும், விமானங்களோடு பழகியவர்களே இடித்திருக்கிறார்கள்.

இயந்திரம் தரையில் சும்மா ஓடும்போது, நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,000 சுற்று. இரண்டு தகடுகள் என்பதால் ஓர் இடத்தை நொடிக்கு 33 முறை தகடு கடந்து செல்கிறது. மனிதக் கண்ணால் அதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க இயலாது. புரொப்பெல்லர் மறைந்துபோகிறது, அதன் வழியே எதிர்ப்பக்கம் தெளிவாகத் தெரிகிறது. தகட்டின் நுனி அப்போதே மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் செல்கிறது; மேலெழும் வேகத்தில் அது 850 கிலோமீட்டரைத் தாண்டும். நீங்கள் ஓர் அடி எடுத்து வைக்க அரை நொடி ஆகும் என்று கொண்டால், அந்த அடிக்குள் தகடு பதினாறு முறை வந்துபோய்விடும். பட்ட பிறகு பின்வாங்கலாம் என்பதற்கு அங்கே இடமே இல்லை. சத்தமும் உதவுவதில்லை, பக்கத்தில் இன்னொரு விமானம் ஓடிக்கொண்டிருந்தால் ஒலி எதிலிருந்து வருகிறது என்று காதால் பிரிக்க முடியாது.

2011 டிசம்பரில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கிறிஸ்துமஸ் விளக்கு அலங்காரத்தை வானிலிருந்து பார்ப்பதற்காக ஓர் இளம்பெண் சிறு விமானத்தில் பறந்தார். இரவில் தரையிறங்கிய பின், இன்னொருவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் இறங்கி முன்பக்கமாக நடந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் இடது கையையும் இடது கண்ணையும் இழந்தார். அவர் அஜாக்கிரதையானவர் என்று நான் சொல்லமாட்டேன். இருட்டு, விமானத்திலிருந்து இறங்கிய மகிழ்ச்சி, எதிரில் நிற்கும் நண்பர்கள் என்ற மூன்றும் சேர்ந்தால் எவருடைய கால்களும் சுற்றிப் போகாமல் நேராகத்தான் போகும். என் கருத்தில் அங்கே மாற்றியிருக்க வேண்டியது அவருடைய நடையை அன்று, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை. பயணிகள் ஏறும்போதும் இறங்கும்போதும் இயந்திரம் நின்றிருக்க வேண்டும் என்பதில் நான் எந்த விதிவிலக்கையும் ஏற்பதில்லை. அதை உங்கள் மகளிடம் நீங்களே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தாய் கேட்டால் மறுக்கமாட்டாள்.

மற்றபடி, விமானத்தின் அருகே எப்போதும் இறக்கையின் பின்பக்கமாக வந்து, பின்பக்கமாகவே விலகிச் செல்லுங்கள். செஸ்னாவில் இறக்கை தலைக்கு மேலே இருக்கும். இருபுறமும் கதவு உண்டு. பைப்பர் செரோக்கி போன்ற விமானத்தில் இறக்கை கீழே இருக்கும். வலப்பக்கம் மட்டுமே கதவு. இறக்கையின் மீது கருப்பாகச் சொரசொரப்புப் பூசிய பட்டையில் மட்டும் கால் வைத்து ஏற வேண்டும். செஸ்னாவின் இறக்கைப் பின்விளிம்பு சரியாக நெற்றி உயரத்தில் இருக்கும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். விமானத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, திடீரென்று திரும்பி, அந்த மெல்லிய தகட்டு விளிம்பில் நெற்றியைக் கிழித்துக்கொள்ளாத பயிற்சி மாணவர் அரிது. என் நெற்றியில் இடப்புருவத்திற்கு மேல் இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது.

பேரனின் கையை ஒருவர் விடாமல் பிடித்திருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலையே கொடுக்காதீர்கள், படம் எடுக்கும் வேலையைக்கூட. மாமியாரின் முந்தானையையும், துப்பட்டா அணிந்தவர்கள் அதையும், செருகிக்கொள்வது நல்லது. பக்கத்து விமானத்தின் காற்றில் தொப்பியோ காகிதமோ பறந்தால் அது போகட்டும். அதன் பின்னால் ஓடக் கூடாது என்பதை வீட்டிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புரொப்பெல்லரின் நுனியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று பட்டை தீட்டுவது அழகுக்காகவா?
– பள்ளி ஆசிரியர், விருத்தாசலம்

பதில்: அழகுக்காக அன்று. சுழலும்போது அந்தப் பட்டை ஒரு வண்ண வளையமாகத் தெரிந்து, எல்லை இதுவரை என்று காட்டும். ஆனால் மாலை வெயில் கண்ணில் அடிக்கும்போதும் இரவிலும் அந்த வளையமும் மங்கிவிடும் என்பதால், அதை மட்டுமே நம்பி அருகில் செல்லலாகாது.

கேள்வி: தேர்தல் காலங்களில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்குகிறது. இறங்கியவுடன் கூட்டம் அதை நோக்கி ஓடுகிறது. காவலர்கள் எவ்வளவு தடுத்தும் பயனில்லை. ஹெலிகாப்டருக்கும் நீங்கள் சொல்லும் விமான விதிகள்தானா?
– ஊராட்சி முன்னாள் உறுப்பினர், தருமபுரி மாவட்டம்

பதில்: இல்லை, நேர்மாறு. இந்த ஒரு வேறுபாட்டை உங்கள் ஊர் இளைஞர்கள் மனத்தில் பதிய வைத்தாலே பெரிய உதவி. முன்னால் புரொப்பெல்லர் உள்ள விமானத்தில் ஆபத்து முன்புறம். ஆகவே பின்னால் சுற்றி வருகிறோம். ஹெலிகாப்டரில் கொடிய ஆபத்து வாலில் இருக்கிறது. தலைக்கு மேலே சுழலும் பெரிய சுழலியை எல்லோரும் அஞ்சிக் குனிகிறார்கள். வாலில் பக்கவாட்டில் சுழலும் சிறிய சுழலியை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பல வகைகளில் அது நிமிடத்திற்கு 2,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. கண்ணுக்கு அறவே தெரியாது. மனிதரின் மார்பு, தலை உயரத்தில் இருக்கும். விமானியால் அதைத் திரும்பிப் பார்க்கவும் முடியாது. 2023 ஏப்ரல் 23 அன்று, கோயில் நடை திறப்புக்குச் சில நாள் முன்பு கேதார்நாத்தில் ஏற்பாடுகளைப் பார்வையிடச் சென்ற உத்தராகண்ட் விமானப் போக்குவரத்து மேம்பாட்டு ஆணையத்தின் அதிகாரி ஒருவர் வால் சுழலியில் அடிபட்டு உயிரிழந்தார். விமானத் துறை அலுவலகத்திலேயே பணிபுரிந்தவருக்கு நேர்ந்தது இது.

ஆகவே ஹெலிகாப்டரை நெருங்க வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் மட்டும், விமானி கைகாட்டிய பிறகு, அவருடைய கண்ணுக்குத் தெரியும்படி முன்பக்கவாட்டிலிருந்து, குனிந்தபடி செல்ல வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குச் செல்வதானாலும் மூக்கைச் சுற்றியே செல்ல வேண்டும். சரிவான நிலத்தில் இறங்கியிருந்தால் தாழ்ந்த பக்கத்திலிருந்து மட்டுமே அணுகலாம். மேட்டுப் பக்கத்தில் சுழலிக்கும் நிலத்திற்கும் உள்ள இடைவெளி குறைந்துவிடும். இயந்திரம் அணைந்து சுழலி மெல்ல ஓயும் நேரத்தில்தான் கூட்டம் அதிகம் நெருங்குகிறது. ஆனால் வேகம் குறையக் குறையச் சுழலியின் தகடுகள் தளர்ந்து தொங்கும், ஒரு காற்று வீசினால் ஆளுயரத்திற்கும் கீழே இறங்கும். முழுவதும் நிற்கும் வரை எவரும் அந்த வட்டத்துக்குள் போகக் கூடாது. கொடிக் கம்பத்தையோ குடையையோ தோளில் நிமிர்த்திக்கொண்டு போவதை நினைத்தாலே எனக்கு நடுக்கமாக இருக்கிறது. நீளமான எதையும் இடுப்புக்குக் கீழே கிடைமட்டமாகப் பிடித்தே கொண்டு செல்ல வேண்டும். காவலர்களின் கயிறு மட்டும் போதாது. மைதானத்தின் வால் பக்கத்தை முழுவதும் மூடிவிட்டு, வரவேற்பவர்களை விமானியின் பார்வையில் படும் ஒரே பக்கத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி: கடற்கரையில் மோட்டார் பொருத்திய பாராகிளைடரில் பறப்பவர்களைப் பார்த்தேன். அதற்கும் பின்னால் சுற்றித்தான் போக வேண்டுமா?
– வாசகர், கடலூர்

பதில்: கூடாது. அதன் புரொப்பெல்லர் பறப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கூண்டின் கம்பிகள் கையைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கமானவையும் அல்ல. பின்னிருந்து தள்ளும் எந்த ஊர்தியானாலும் முன்புறமாகவே நெருங்க வேண்டும்.

கேள்வி: சிறு விமானத்திற்கு எரிபொருள் நிரப்பும்போது ஒரு கம்பியை எடுத்து விமானத்தில் மாட்டுகிறார்களே, அது எதற்கு? அப்போது கைப்பேசி பேசக் கூடாது என்கிறார்களே, உண்மையா?
– தொழிற்பயிற்சி நிலைய மாணவர், தூத்துக்குடி

பதில்: எரிபொருள் குழாயின் வழியே பாயும்போது உராய்வினால் நிலைமின்னேற்றம் சேர்கிறது. குழாயின் முனைக்கும் விமானத்திற்கும் மின்னழுத்த வேறுபாடு ஏற்பட்டால், தொட்டி வாயருகே ஒரு சிறு பொறி பாயும். அதைத் தடுப்பதற்காக இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்து வேறுபாட்டை நீக்கிவிடுகிறோம். வரிசை முக்கியம்: முதலில் கம்பியை மாட்டி, அதன் பிறகே தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும், முடிக்கும்போது மூடியை மூடிய பிறகே கம்பியைக் கழற்ற வேண்டும். பிளாஸ்டிக் கேனிலிருந்து ஊற்றுவது இந்தப் பாதுகாப்பையே இல்லாமல் ஆக்கிவிடும்.

பிஸ்டன் இயந்திர விமானங்களுக்கான பெட்ரோல் பனி உறையும் குளிரிலும் எரியக்கூடிய ஆவியை விடுவது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதன் ஆவி எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். அந்தப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் சேர்த்திருப்பார்கள். ஜெட் எரிபொருள் நிறமற்றோ வைக்கோல் நிறத்திலோ இருக்கும். பெட்ரோலுக்குப் பதிலாக ஜெட் எரிபொருளை ஊற்றினால் பிஸ்டன் இயந்திரம் கிளம்பும்போது ஓடினாலும், மேலெழுந்த பின் நின்றுவிடும். அதனால்தான் ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் தொட்டியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் சிறிது வடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறத்தையும் அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்கிறோம். பெட்ரோலை விடக் கனமான தண்ணீர், குப்பியின் அடியில் நிறமற்ற முத்தாக உருண்டு நிற்கும்.

கைப்பேசியைத் தடுப்பதில் நான் உடன்படுகிறேன். ஆனால் முதன்மையான காரணம் தீப்பொறி அன்று என்பது என் எண்ணம். பேசியபடி, திரையைப் பார்த்தபடி நடப்பவருக்கு எதிரில் இருப்பது எதுவும் தெரிவதில்லை. விமானங்கள் நிற்கும் தரையில் அதுவே போதுமான காரணம்.

கேள்வி: புயல் எச்சரிக்கை வந்தால் சிறு விமானங்களைக் கயிற்றால் கட்டுகிறார்களாமே? அவ்வளவு பெரிய பொருளைக் காற்று தூக்குமா?
– வாசகி, சென்னை

பதில்: பார்ப்பதற்குப் பெரிது, எடையோ குறைவு. செஸ்னா 172 விமானத்தின் இறக்கை நீளம் 11 மீட்டர்; வெற்று எடை ஏறத்தாழ 760 கிலோ, ஒரு சிறிய காரின் எடைதான். அது வானத்தில் நிற்க மணிக்கு 90 கிலோமீட்டர் அளவுக்குக் காற்று இறக்கையின் மேல் பாய்ந்தால் போதும், அதுவும் ஆட்களையும் எரிபொருளையும் சுமந்துகொண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. அப்படிப்பட்ட காற்றில் கட்டாமல் விட்ட விமானம் ஓட்டுபவர் இல்லாமலேயே எழும்ப முயலும். எனவே மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி, இரண்டு இறக்கைகளையும் வாலையும் தரையில் பதித்த வளையங்களோடு கட்டி, சக்கரங்களின் இருபுறமும் கட்டை வைத்து, உள்ளே கைப்பிடியைப் பூட்டி, வால் தகடுகள் படபடக்காமல் தடுக்க வேண்டும். ஹேங்கர் எனப்படும் விமானக் கொட்டகைக்குள் வைக்க இடமிருந்தால் அதற்கு ஈடில்லை. தேங்காய் நார்க் கயிறு நனைந்தால் சுருங்கி இறக்கையை இழுக்கும். நைலான் கயிறே சிறந்தது.

கேள்வி: எங்கள் வயல்களுக்கு மேல் பயிற்சி விமானங்கள் நாள்தோறும் பறக்கின்றன. ஒன்று வயலில் விழுந்துவிட்டால் முதலில் ஓடப்போவது நாங்கள்தான். நாங்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?
– விவசாயி, சிவகங்கை மாவட்டம்

பதில்: ஐயா, இந்தக் கேள்வியை எழுதியதற்கு நன்றி சொல்ல வேண்டும். தீயணைப்பு வண்டி வந்து சேரும் வரை உள்ளே இருப்பவர்களுக்கு உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து நெருங்குங்கள். பெட்ரோல் ஆவியும் புகையும் உங்களை விட்டு விலகிச் செல்லும். பீடி, சிகரெட், அருகில் ஓடும் டிராக்டர், மோட்டார் பம்ப் அனைத்தையும் அணைக்கச் சொல்லுங்கள். புரொப்பெல்லரின் முன்னால் செல்லாமல், பக்கவாட்டில் பின்னிருந்து கதவை அடையுங்கள். தீ இல்லையென்றால், உள்ளே இருப்பவர் நினைவோடு இருந்தால், அவரையே இயந்திரத்தை அணைக்கச் சொல்லுங்கள். அவரால் இயலாவிட்டால், செஸ்னாவில் கருவிப் பலகையின் நடுவில் சிவப்புக் குமிழ் ஒன்று இருக்கும். அதை முழுவதும் வெளியே இழுங்கள். இடப்பக்கம் கீழே உள்ள சிவப்புச் சுவிட்ச் மின்சாரத்திற்கானது, அதை அணையுங்கள். சாவியை அணைப்பு நிலைக்குத் திருப்புங்கள். கழுத்தோ முதுகோ அடிபட்டிருக்கலாம் என்பதால், தீயோ பெட்ரோல் கசிவோ இல்லாதவரை, அடிபட்டவரை இழுத்து வெளியே போட வேண்டாம். தீ மூண்டுவிட்டால் எதையும் யோசிக்காமல் இடுப்புப் பட்டையை அறுத்து வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சிரஸ் போன்ற சில விமானங்களில் விமானத்தையே தாங்கி இறக்கும் ஒரு பெரிய பாராசூட் இருக்கிறது. அதை வெளியே இழுப்பது ஒரு சிறிய ராக்கெட். விபத்துக்குப் பிறகும் அது வெடிக்காமல் உள்ளேயே இருக்கலாம். பின் சன்னலுக்குப் பின்னால், முதுகுப் பக்கத்தில், எச்சரிக்கை முத்திரை ஒட்டியிருந்தால் அந்த இடத்திற்கு மேலோ எதிரிலோ நிற்காதீர்கள். கூரையில் உள்ள சிவப்புக் கைப்பிடியை இழுக்காதீர்கள். அந்தப் பகுதியை அறுக்கவோ நெம்பவோ வேண்டாம்.

உயிரைக் காப்பதற்காக அன்றி விமானத்தின் ஒரு துண்டைக்கூட நகர்த்தக் கூடாது. விசாரணைக்கு வருபவர்களுக்கு நெம்புகோல் நின்ற கோணம்கூடச் சான்றாகும். 112 என்ற எண்ணை அழைக்கும்போது வயல் இருக்கும் இடம், எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்பவற்றோடு, விமானத்தின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் எழுத்துகளையும் படித்துச் சொல்லுங்கள். இந்தியாவில் பதிவான எல்லா விமானங்களிலும் அது 'விடி' (VT) என்று தொடங்கும். அந்த எழுத்துகளைக் கொண்டு அது எந்தப் பள்ளியின் விமானம், எந்த வகை, ராக்கெட் பாராசூட் உள்ளதா என்பதை வழியிலேயே தெரிந்துகொண்டு மீட்புப் படையினர் வந்து சேர்வார்கள்.